வெயிலைச் சேமித்த வரலாறு

தில்லியிலோ நாகபுரியிலோ ஆனி மாதத்து இரவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். திடீரென்று விசிறி நின்றுவிடுகிறது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணின் மேசை இருளில் மூழ்குகிறது. அடுத்த அறையில், மூச்சுத் திணறலால் துன்புறும் பாட்டியின் பிராணவாயு யந்திரம் ஓய்ந்துவிடுகிறது. சொந்த ஊராயின் திண்ணையில் பாய் விரித்துக் காற்று வாங்கலாம். அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில் திண்ணைக்கு எங்கே போவது?

இத்தகைய இரவுகளே பல குடும்பங்களைக் கடைவீதிக்கு அனுப்புகின்றன. கூரையில் சூரிய ஒளிப் பலகை, சுவரில் 'ஹைப்ரிட்' எனப்படும் கலப்பு இன்வர்ட்டர், மூலையில் பாட்டரி என்று மூன்று பொருள்களைக் கடைக்காரர் ஒன்றாகச் சேர்த்து விலை சொல்கிறார். இம்மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. மூன்று தனித்தனி ஆறுகள் நெடுந்தொலைவு ஓடி நம் வீட்டுச் சுவரில் சங்கமித்திருக்கின்றன. அவை வந்த வழியை அறிந்தவர் வாங்கும்போது ஏமாறுவது அரிது.

முதலாவது பாட்டரி. மின்சாரத்தை இடைவிடாது தரும் அடுக்கை இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800-இல் உலகுக்கு அறிவித்தார். ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய சேமக்கலத்தை 1859-இல் அமைத்தவர் பிரான்சு நாட்டுக் காஸ்டன் பிளாந்தே. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து வைத்தார், அவ்வளவே. இன்றும் நம் வீடுகளில் வடிநீர் ஊற்றிக் காக்கப்படும் பாட்டரி, அந்த ஈயக்கலத்தின் நேர்வாரிசுதான். அடுத்த பெரிய மாறுதல் வர நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. லித்தியம் அயனிக் கலம் 1991-இல் கடைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் இட்ட மூன்று அறிஞர்கள் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களுள் ஒருவரான குட்இனஃபின் குழுவினர், இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த மற்றொரு வகையை 1997-இல் வெளியிட்டனர். வெப்பத்தை ஓரளவு தாங்கி, எளிதில் தீப்பற்றாத அவ்வகையே இன்று வீட்டுக்கு ஏற்றதென்று பெரிதும் கருதப்படுகிறது.

இரண்டாவது ஒளிப் பலகை. ஒளி பட்டால் மின்சாரம் தோன்றும் என்பதை 1839-இல் கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்னும் பத்தொன்பது வயது பிரெஞ்சு இளைஞர். பயன்தரத்தக்க சிலிக்கன் கலம் வந்ததோ 1954-இல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பலகை நூற்றுக்கு இருபதுக்கு மேல் தருகிறது. தொடக்கத்தில் அதன் விலை வானை எட்டியதால், பயனும் வானிலேயே கிட்டியது. 1958-இல் ஏவப்பட்ட வான்கார்டு செயற்கைக்கோளும், 1975-இல் ஏவப்பட்ட நம் ஆரியபட்டாவும் கதிரவன் ஒளியால் இயங்கின. தில்லியை அடுத்த சாகிபாபாதில் மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-இல் இந்தியாவின் முதல் சூரியக் கலத்தைச் செய்தது. அவ்வட்டாரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது அண்டை வீட்டுச் செய்தி.

மூன்றாவதே இன்வர்ட்டர். பாட்டரியும் பலகையும் தருவது ஒரே திசையில் ஓடும் நேர் மின்னோட்டம். நம் வீட்டுக் கம்பியில் வருவதோ, நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அலையும் மாறு மின்னோட்டம். ஏன் இந்த வேற்றுமை? தொலைவே காரணம். மாறு மின்னோட்டத்தின் அழுத்தத்தை மின்மாற்றியால் எளிதில் உயர்த்தி, மெல்லிய கம்பியில் அதிக இழப்பின்றி நெடுந்தூரம் அனுப்பலாம். நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று 1902-ஆம் ஆண்டுச் சிவசமுத்திரம். காவிரி அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்து கோலார் தங்கச் சுரங்கத்தை அடைந்தது. பிழைப்புத் தேடி அங்குச் சென்ற ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். 1897-இல் டார்ஜிலிங், 1899-இல் கல்கத்தா, 1905-இல் பெங்களூர்த் தெருவிளக்கு என்று மின்னொளி பரவிய கதையை நாம் அறிவோம். பெங்களூர் விளக்கேற்றியதும் அதே காவிரி மின்சாரந்தான்.

நேர் மின்னோட்டத்தை மாறு மின்னோட்டமாக்கும் சாதனத்துக்கு 'இன்வர்ட்டர்' என்ற பெயரைத் தம் கட்டுரையின் தலைப்பாகவே 1925-இல் வைத்தவர் டேவிட் பிரின்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஆனால் அது வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குச் சிறுத்ததற்கு, நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் குறைகடத்திச் சாவிகள் வேண்டியிருந்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை 1980-களில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. அவர் 1948-இல் சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். 2024-ஆம் ஆண்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

மூன்று ஆறுகளும் கூடும் தேவையை உண்டாக்கியது மின்வெட்டு. 1970-களில் கல்கத்தாவாசிகளின் அன்றாடப் பேச்சில் 'லோட் ஷெட்டிங்' என்ற சொல் நிலைபெற்றது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களிலும் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் உடன் சாய, 60 கோடிக்கும் மேற்பட்டோர் மின்சாரமின்றித் தவித்தனர். இரயில்கள் வழியில் நின்றன. சுரங்கத் தொழிலாளர் பூமிக்கடியில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டனர்.

2024 பிப்ரவரியில் 'பிரதமர் சூரிய வீடு' திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் பலகை அமைப்பது அதன் நோக்கம். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டு அல்லது அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாயும் உதவித்தொகையாக அறிவிக்கப்பட்டது. இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். உச்சிவெயில் காய்கிறது, கூரையில் பலகை மின்னுகிறது, ஆயினும் தெருவில் மின்சாரம் போனவுடன் வீடும் இருண்டுவிடுகிறது! பலகையில் பழுதில்லை. மின்தொகுப்போடு மட்டும் இணைந்த இன்வர்ட்டர், தொகுப்பு நின்றதும் தானும் நின்றாக வேண்டும் என்பது விதி. இல்லையேல் தெருக்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கு நம் வீட்டு மின்சாரமே எமனாகும். கலப்பு இன்வர்ட்டர் இச்சிக்கலைத் தீர்க்கிறது. தொகுப்பு நின்றால் அது வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துக்கொண்டு, பலகையையும் பாட்டரியையும் கொண்டு உள்ளே மட்டும் மின்சாரம் வழங்குகிறது.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எத்தனை கிலோவாட்?' என்பதன்று, 'மின்சாரம் இல்லாதபோது என் வீட்டில் எவை இயங்கும்?' என்பதே. எல்லா இணைப்புகளும் பாட்டரியில் ஓடா. தனியே பிரித்த கம்பிகளில் உள்ளவை மட்டுமே ஓடும். பாட்டரி பழுதானால் பகல் வெயிலை மட்டும் கொண்டு வேலை செய்யுமா என்பதையும் கேளுங்கள். சில வகைகள் செய்வதில்லை.

இரண்டாவது, கணக்கு. பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி, 10 வாட் விளக்கு நான்கு, இணையப்பெட்டி ஒன்று எனக் கூட்டினால் 200 வாட். நான்கு மணி நேரத்துக்கு 0.8 யூனிட், இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 0.9 யூனிட்டைத் தாண்டலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். ஆனால் நீண்டகாலம் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியையே செலவிட வேண்டும். ஆக, ஒரு பாட்டரி அந்த நான்கு மணிக்கு மட்டுமட்டாகவே காணும். அவ்விரு விசிறிகளையும் 30 வாட் இழுக்கும் புதுவகையாக மாற்றினால் தேவை ஏறத்தாழ பாதியாகக் குறையும். பெரிய பாட்டரி வாங்குமுன் நல்ல விசிறி வாங்குவதே சிக்கனம்! பிராணவாயு யந்திரம் 300 வாட்டுக்கு மேலும் இழுக்கலாம். அதற்குத் தனிக்கணக்கு வேண்டும். எவ்வளவு நல்ல பாட்டரி இருப்பினும் ஒரு பிராணவாயு உருளையைத் துணைக்கு வைத்திருப்பதும் வேண்டும். குளிர்ப்பெட்டி தொடங்கும் கணத்தில் பன்மடங்கு மின்சாரம் கேட்கும். இன்வர்ட்டர் அதைத் தாங்குமா என விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, பாட்டரி வகை. ஈயம் முதலில் மலிவு. ஆனால் வடிநீரும் காற்றோட்டமும் கேட்கும், விரைவில் மூப்படையும். லித்தியம் முதலில் விலை மிகுதி. ஆனால் கொள்ளளவில் பெரும்பகுதியைச் செலவிடலாம், நீண்டநாள் உழைக்கும். எதை வாங்கினும், இன்வர்ட்டர் அவ்வகையை ஏற்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

கூரை இடமும் முக்கியம். ஒரு கிலோவாட் பலகைக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் வேண்டும். நம் நாட்டின் பெரும்பகுதியில் அது நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். பிற மாநிலத்தில் வாடகைக்குக் குடியிருப்போர் இங்கே இருமுறை யோசிக்க வேண்டும். கூரை நம்முடையதன்று, மின் இணைப்பும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவர் இசைவின்றிப் பலகை ஏற்றுவது வீண் வழக்கு. மாற்றலாகிப் போகும் குடும்பம், பின்னாளில் பலகையை ஏற்கத்தக்க இன்வர்ட்டரையும் பாட்டரியையும் மட்டும் இப்போது வாங்கிக்கொள்ளலாம். பெட்டி படுக்கையோடு அவையும் அடுத்த ஊருக்கு வரும்.

சிவசமுத்திரத்து மின்சாரம் கோலாருக்கு 150 கிலோமீட்டர் ஓடியது. இன்று அது நம் கூரையிலிருந்து கூடத்துக்குப் பத்தடி இறங்கினால் போதும். அந்தப் பத்தடியைக் கணக்கிட்டு அமைத்துக்கொண்டால், அடுத்த ஆனி இரவில் பெண்ணின் மேசை விளக்கு அணையாது. பாட்டியின் மூச்சும் சீராக இருக்கும்.