ஆணையங்கள் யாரை விசாரித்தன?



ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரைக்கு மாலைகளோடு நாம் வருகிறோம். பல கட்சிகளின் கொடிகள் வருகின்றன. முழக்கம் எழுப்பி, ஆற்றில் மலர் தூவிக் கலைகிறோம். 1999இல் அந்த இடத்தில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள் உண்டு, ஒன்றரை வயதுக் குழந்தை உண்டு. அந்தச் சாவுகளுக்கு அரசு என்ன பதில் சொன்னது என்ற கேள்வி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நம் பேச்சில் தேய்ந்துகொண்டே வருகிறது. இந்த நினைவுச் சொற்பொழிவில் அதை மறுபடி எடுத்து வைக்க விரும்புகிறோம்.

அன்று ஊர்வலமாக வந்தவர்கள் கேட்டது பெரிய விஷயமல்ல. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும்; போராடியதற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட 652 பேரை விடுதலை செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கத்தான் வந்தார்கள். புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகளின் தலைவர்களே முன்னால் நின்றார்கள். ஆட்சியர் அலுவலகத்தை எட்டுமுன் தடியடி தொடங்கியது. ஒரு பக்கம் காவலர்கள், மறுபக்கம் ஆறு. ஓட வழியில்லாதவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். தண்ணீருக்குள்ளும் அடி விழுந்ததை அன்றைய படங்கள் காட்டின.

முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. நம்மில் பலர் அதைப் பாதி வெற்றி என்றே எண்ணினோம். சாட்சிகளைத் திரட்டினோம், வாக்குமூலங்களை எழுதிக் கொடுத்தோம். முடிவில் அறிக்கை காவல்துறையின் பலப்பிரயோகத்தை நியாயப்படுத்தியது. மக்கள் ஏன் ஆற்றுக்குள் போனார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில், மூழ்கினார்கள் என்பதே பதிலாக நின்றது.

இது ஒரு நீதிபதியின் குறை என்று நாம் சுருக்கிவிடக் கூடாது. இதன் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தை மாணவர்கள் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும், சிறிய சட்டம்தான். ஆணையத்தை நியமிப்பது பெரும்பாலும் அரசு. எதை விசாரிக்க வேண்டும் என்ற வரம்பை எழுதுவதும் அரசு. கால அவகாசத்தை நீட்டிப்பதும் அரசு. அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரை மட்டுமே என்று 1958இல் டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற விதி 1971இல் சேர்ந்தது. ஆனால் வைக்காவிட்டால் என்ன தண்டனை என்று அந்த விதி சொல்லவில்லை. யார்மீது குற்றச்சாட்டு இருக்கிறதோ, அந்த நிர்வாகத்தின் தலைமையே விசாரிப்பவரைத் தேர்ந்தெடுக்கிறது, கேள்வியையும் எழுதித் தருகிறது. கேள்வியை எழுதுபவர் பதிலில் பாதியை எழுதிவிடுகிறார்.

வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்களே பெரும்பாலோர். அண்ணா முதலமைச்சர். அதன்பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. அது ஆராய்ந்தது கீழத்தஞ்சையின் கூலிப் பிரச்சினையை. அதன் தொடர்ச்சியாக 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவையானதுதான். அதற்காகவே அந்த மக்கள் போராடினார்கள். ஆனால் ஊர் எரிவதற்கு முன்னால் பதற்றம் இருந்தது தெரிந்தும் நிர்வாகம் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி, கூலிக் கணக்குக்குள் அமிழ்ந்துபோனது. சாதியால் நடந்த கொலை கூலித் தகராறு என்று பெயர் மாறியது. நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு வசதியானவர்கள் தாமே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றதை நாம் மறக்கவில்லை.

பரமக்குடிக்கு வருவோம். 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரனின் நினைவு நாள். 1957இல் அவர் கொல்லப்பட்ட அதே நாளில் அஞ்சலி செலுத்த வந்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. உயிர்கள் போயின. முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2013இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்றது. தாமிரபரணியில் ஆண்டது ஒரு கட்சி, பரமக்குடியில் ஆண்டது அதன் எதிர்க்கட்சி. பதில் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

ஆணையம் எப்போதும் இப்படித்தான் முடியும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலமாகப் போனவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்துக்கு வந்தபோது, அது 17 காவல்துறையினர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. வருவாய்த்துறை அதிகாரிகளின் தவறையும் சுட்டியது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. சம்பவம் நடந்தபோது இருந்த ஆட்சி, அறிக்கை வந்தபோது இல்லை என்பது ஒன்று. பெயர் சொன்ன அறிக்கைக்குப் பிறகும் நடவடிக்கை கேட்டு மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. உண்மையைச் சொல்ல வைப்பதே பெரும்பாடு. சொன்ன பிறகு அதைச் செயலாக்க வைப்பது வேறொரு போராட்டம்.

வேங்கைவயல் நம் காலத்துச் சான்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்தது. சிபிசிஐடி விசாரித்தது. உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அதே தலித் சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை என்று அரசு அறிவித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படுவதும் படாததும் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் புகார் கொடுத்த தெருவே குற்றவாளிக் கூண்டைப் பார்த்து நிற்பதை நாம் தாமிரபரணியிலும் பரமக்குடியிலும் பார்த்திருக்கிறோம். அங்கே கூட்டம் வன்முறை செய்தது என்றார்கள். இங்கே நீங்களே செய்துகொண்டீர்கள் என்கிறார்கள்.

இனி நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் ஆணைய அறிக்கையைக் கேட்டுக் கூச்சலிடுவதும், ஆட்சிக்கு வந்ததும் மறப்பதும் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் நம் அமைப்புகள்? எந்தக் கூட்டணியில் இருக்கிறோம் என்பதைப் பார்த்து எந்தச் சாவைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்த தருணங்கள் நம்மிடம் இல்லையா? ஒரு ஆட்சியில் நடந்ததை மேடையில் முழங்கியும், இன்னொரு ஆட்சியில் நடந்ததை அறைக்குள் வருந்தியும் நாம் நடந்துகொண்டோம். அரசு நம்மிடம் பதில் சொல்லாமல் தப்பியதற்கு நம் மௌனமும் ஒரு காரணம். இதைச் சொல்வது கசப்பாக இருக்கலாம். இறந்தவர்கள் பெயரால் கூடிய இடத்தில் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது?

அப்படியானால் ஆணையங்களைப் புறக்கணிப்பதா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 1928இல் சைமன் குழுவை நாடே புறக்கணித்தபோது அம்பேத்கர் அதன்முன் சாட்சியம் அளித்தார். அந்தக் குழுவை நம்பி அல்ல. தன் மக்களின் நிலை அரசின் ஆவணத்தில் ஏற வேண்டும் என்பதற்காக. நாம் மறந்துவிட்ட பாடம் அது. நம் சாட்சியத்தை ஆணையத்திடம் கொடுக்கிறோம், நகல் வைத்துக்கொள்வதில்லை. உண்மையறியும் குழுக்களில் போனவர்கள் என்ற முறையில் எங்கள் தவறாகவே இதைச் சொல்கிறோம். எத்தனையோ வாக்குமூலங்கள் எங்கள் பைகளிலேயே மக்கிப்போயின.

செய்ய வேண்டியவை எளியவை. ஆணையம் அமைக்கப்படும் நாளிலேயே அதன் விசாரணை வரம்பைக் கேட்டுப் பெற வேண்டும். அதிகாரிகள் என்ன செய்தார்கள், என்ன செய்யத் தவறினார்கள் என்ற வரி அதில் இல்லையென்றால், முதல் போராட்டம் அந்த வரிக்காக நடக்க வேண்டும். ஆணையம் இருக்கிறது என்று காட்டி முதல் தகவல் அறிக்கையைத் தள்ளிப்போட விடக் கூடாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் பட்டியல் சாதியல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்க வழி செய்கிறது. அதற்கும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற தடை இருக்கிறது. அந்த விசாரணையை எழுத்தில் கேட்டால்தான் தடையும் எழுத்தில் பதிவாகும். 1995ஆம் ஆண்டு விதிகளின்படி முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? மாணவர்கள் ஒரு தகவல் உரிமை மனுவில் இதைக் கேட்கலாம். பத்து ரூபாய்தான் செலவு.

அடுத்த ஜூலை 23க்கும் நாம் ஆற்றங்கரைக்குப் போவோம். மலர்களை எடுத்துக்கொண்டு போவோம். கூடவே, மோகன் ஆணைய அறிக்கையையும், அதற்கு நம் சாட்சிகள் சொன்ன மறுப்பையும் அச்சிட்டு எடுத்துப் போவோம். வருகிற எல்லாக் கட்சித் தலைவர்கள் கையிலும் ஒரு பிரதி கொடுத்து, இதற்கு உங்கள் பதில் என்ன என்று அங்கேயே கேட்போம். நமக்கு வேண்டியவர்களிடமும் கேட்போம். அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.