மருத்துவத்துறையில் பண்புசார் ஆய்வு

நோய், சிகிச்சை, பிறப்பு, இறப்பு குறித்து மக்கள் என்ன எண்ணுகிறார்கள், ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை அவர்களுடைய பேச்சிலிருந்தும் வாழ்க்கையிலிருந்தும் அறியும் முறை பண்புசார் ஆய்வு. ஆழ்நேர்காணல், குழுக் கலந்துரையாடல், உடனிருந்து கவனித்தல் ஆகியவை இதன் முக்கிய வழிகள். அளவுசார் ஆய்வு ஒரு சிக்கல் எங்கே, எவ்வளவு என்று காட்டும். அதன் காரணத்தைப் பண்புசார் ஆய்வு தேடும்.

தருமபுரி மாவட்டத்தில் நிலவிய பெண்சிசுக்கொலை இதற்குத் தெளிவான சான்று. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் 'சமூகக் காரணம்' என்று குறிக்கப்பட்ட குழந்தை இறப்புகளை ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆராய்ந்து 1997இல் கட்டுரை வெளியிட்டனர். இத்தகைய இறப்புகள் செறிந்திருந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. ஆனால் 'சமூகக் காரணம்' என்ற இரு சொற்களுக்குள் வரதட்சணை, சீர்செலவு, ஆண்வாரிசு விருப்பம், அடுத்தடுத்துப் பெண் பெற்ற தாயின் மீதான குடும்ப நெருக்கடி எல்லாம் அடங்கியிருந்தன. மக்களிடம் பேசாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. காரணங்கள் இவ்வாறு பலவாக இருந்ததால், தாயைத் தண்டிப்பது மட்டும் தீர்வாகாது என்பதும் விளங்கியது. 1990களின் பிற்பகுதியில் மாவட்டத்துக் கிராமங்களில் ஊர் ஊராகச் செல்லும் கலைஜாதாக் குழுக்கள் வீதி நாடகங்கள் வழியே பெண்ணின் சம உரிமையைப் பேசின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண்குழந்தைகளுக்கு 2001இல் 826 ஆக இருந்த பெண்குழந்தைகள் 2011இல் 913 ஆயினர். இம்மாற்றத்தில், பெற்றோர் கைவிடும் குழந்தைகளை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம், சட்ட நடவடிக்கை போன்றவற்றின் பங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதே மாவட்டத்தில் குடிநீரால் வரும் புளூரைடு நச்சிலும் மக்களிடம் கேட்டறியும் தேவை உண்டு. நிலத்தடி நீரிலுள்ள புளூரைடின் அளவை ஆய்வகம் சொல்லும். 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் வந்த பின்னும் ஒரு வீட்டார் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தால், காரணம் சுவையா, நீர் வரும் நேரமா, பழக்கமா என்பதை அவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. சிலரிடம் பெற்ற விடைகளை மாவட்டம் முழுவதற்கும் விழுக்காடாக்க முடியாது. ஆய்வாளரின் முன்முடிவு விளக்கத்தில் கலந்துவிடக்கூடும். ஆகவே பல வழிகளில் கிடைத்த தகவல்களை ஒப்பிடுவதும், புதிய கருத்து வராத நிலைவரை விசாரிப்பதும் நடைமுறை. பேசுவோரின் ஒப்புதலும் அடையாள மறைப்பும் கட்டாயம். எண்ணிக்கையோடு இணைத்துப் பயன்படுத்தும்போதே இந்த ஆய்வு நலத்திட்டங்களுக்கு முழுப் பயன் தரும்.