கடந்தையின் கொடுக்கும் பாட்டியின் சுண்ணாம்பும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடாவில், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில், கடந்தை கொட்டினால் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவுவது பழைய வழக்கம். பள்ளிப் பாடநூல்கள் சிலவோ வேறு கூறின. தேனீயின் நஞ்சு அமிலம், அதற்குச் சோடா மாவு. குளவியின் நஞ்சு காரம், அதற்குக் காடி என்றன. அது மெய்யெனின், காரத்தின்மேல் காரத்தையே பூசிய பாட்டியர் பேதையராவர். அவ்வாறு முடிவு கட்டுமுன், கொடுக்கின் உள்ளமைப்பை அறிஞர் அறிந்துவந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கொடுக்கு என்பது முட்டையிடும் குழல் உருமாறிய உறுப்பு. ஆதலின் பெண் பூச்சியே கொட்டும், ஆண் கொட்டாது. டச்சு நாட்டு ஸ்வாம்மர்டாம் (1637–1680) தேனீயை அறுத்து, கொடுக்கையும் நஞ்சுப் பையையும் நுணுகி வரைந்தார். அவ்வோவியங்கள் அச்சேறியது அவர் மறைந்து அரை நூற்றாண்டிற்குப் பின், 1737–38இல்.

மலாய்க்காரர் தெபுவான் என்னும் கடந்தையின் வயிற்றுக் கடைசியில், நூல்போல் மெல்லிய இரு குழல்கள் நஞ்சைச் சுரந்து ஒரு பையில் சேர்க்கின்றன. அப்பையைச் சுற்றித் தடித்த தசை உண்டு. தசை இறுகியதும் நஞ்சு பீறிட்டுப் பாயும். தேனீயின் பைக்கு இத்தகைய தசை இல்லை. கொடுக்கின் உள்ளே அசையும் தடுக்கிதழ்களே நஞ்சை உந்துகின்றன. தேனீயின் கொடுக்கு முட்கள் தோலில் மாட்டிக்கொள்ள, அது கொடுக்கை இழந்து மடிகிறது. கடந்தையோ உருவி எடுத்து மீண்டும் மீண்டும் கொட்டும். தோட்டத்தார் தேனீயினும் கடந்தைக்கு அதிகம் அஞ்சியது வீணன்று.

நஞ்சுப் பையின் அருகே இன்னொரு சிறு சுரப்பி உண்டு. பிரெஞ்சு மருத்துவர் லெயோன் டூஃபூர் (1780–1865) பெயரால் அது வழங்குகிறது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, பூச்சிகளை அறுத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர்! 1884இல் கார்லே என்பார், நஞ்சுச் சுரப்பி அமிலத்தையும் டூஃபூர் சுரப்பி காரத்தையும் தருகின்றன, இரண்டும் கலந்தாலே நஞ்சு முழு வலிமை பெறும் என்றார். ஒரே பூச்சியில் இரண்டும் உண்டு என்பதே அவர் கூற்று. தேனீக்கு ஒன்று, குளவிக்கு ஒன்று எனப் பங்கிட்டது பிற்காலத்தார் சுருக்கம் போலும்.

டூஃபூர் சுரப்பி சுரப்பது பெரும்பாலும் எண்ணெய்த் தன்மையுள்ள ஹைட்ரோகார்பன்கள் எனப் பின்னர்த் தெரிந்தது. மலேசியக் காடுகளில், அந்தரத்தில் நின்று பறக்கும் மெல்லிய குளவியினம் ஒன்று வாழ்கிறது. அதன் பெண், இச்சுரப்பியின் வெண்பசையில் முட்டையைப் பதிக்கிறது; புழுவிற்கு உணவு வைப்பதும் அதன்மேல்தான். சிலவகை, கூட்டின் காம்பில் அதை வளையமாகப் பூசி எறும்பைத் தடுக்கும். இத்தாலிய அறிஞர் துரில்லாட்சி இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்தார். கொல்லும் கருவியின் பக்கத்திலேயே பிள்ளை வளர்க்கும் சுரப்பி!

குளவி நஞ்சோ ஏறத்தாழ நடுநிலையானது. ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகியவற்றோடு, வலி விளைக்கும் கைனின் என்னும் பொருளும் அதில் உண்டென 1954இல் வெளியிட்டனர். இவை தோலின் உள்ளே இறங்கிவிடுகின்றன. மேலே பூசும் காடி அங்கே எட்டாது, சுண்ணாம்பும் எட்டாது. பாட்டியும் பாடநூலும் ஒரே தட்டில்தான் நிற்கின்றனர்.

1964இல் ஜெர்மானியர் மாஷ்விட்ஸ் கண்டது தோட்டத்தார்க்கு இன்னும் பயனுடையது. குளவி நஞ்சின் மணமே கூட்டத்தாரை அழைக்கும் எச்சரிக்கை. கூட்டருகே ஒன்றை நசுக்கினால் மற்றவை திரண்டு வரும். செம்பனை மட்டை வெட்டுகையில் கூடு கலைந்தால், அடித்துக் கொல்ல நில்லாது விலகி ஓடுதலே தக்கது. பல கொட்டுகள் பட்டவருக்குத் தசையும் சிறுநீரகமும் கெடக்கூடும். சிறுநீர் கறுத்து இறங்குவது அதன் அறிகுறி. மூச்சுத் திணறலும் முகவீக்கமும் ஒரே கொட்டிலும் வரலாம். இவ்விரண்டிற்கும் மருந்து மருத்துவமனையில் உண்டு. வெற்றிலைப் பெட்டியில் இல்லை.