விகித அளவு

விகித அளவு (திரை அமைப்பு): பொத்தானையோ படத்தையோ இத்தனை பிக்சல் என்று அறுதியிடாமல், அது அமரும் பரப்பில் இத்தனை பங்கு என்று வைக்கும் முறை. இதில் தவறு பெரும்பாலும் எண்ணில் வருவதில்லை. எதில் பங்கு என்பதில்தான் வரும்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்தக் கணக்கு கணினிக்கு வெகு முந்தையது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரி. அங்கே கற்பிக்கும் தாளமானம் என்ற சிலை அளவு முறையில் அங்குலம் ஒரே வகையன்று. மானாங்குலம் எட்டு யவம் (வாற்கோதுமை மணி) கொண்ட நிலையான அளவு, பிக்சலைப் போல. தேகாங்குலமோ சிலையின் மொத்த உயரத்தையே வகுத்துப் பெறுவது. உத்தம தசதாளம் என்ற அளவு வகையில் உயரம் 124 பங்கு: தொடைக்கு 27, முழங்காலுக்கு 4. சாண் உயர உலோகத் திருமேனிக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் இதே பங்குதான். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்தே பங்கு பிரிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். அளவுகோலே வேண்டாம்.

அந்த மொத்த உயரத்தைப் பெரும்பாலும் கருவறையோ அதன் வாசலோ தீர்மானிக்கும். கொள்ளும் இடம் முதலில், கொள்ளப்படுவது பிறகு. சிங்கப்பெருமாள் கோயிலில் இது கண்கூடு. பாடலாத்திரி நரசிம்மரின் கருவறை குன்றிலேயே குடைந்தது. பெருமாளை வலம்வர விரும்புபவர் குன்றையே சுற்ற வேண்டும்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை இதில் சேர்க்கக்கூடாது. கணபதி ஸ்தபதி பீடத்துக்கு 38 அடியும் சிலைக்கு 95 அடியும் கொடுத்தது குறளின் அதிகாரப் பகுப்பைப் பார்த்து.

இணையத்தில் 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வகுக்கும் மொழி) பரிந்துரையிலேயே சதவீதம் உண்டு. ஆனாலும் நெடுநாள் பலர் 960 பிக்சல் என்று பக்கத்தை ஆணியடித்தே வைத்தார்கள். 2009 மார்ச் மாதம் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட் ஒரு கட்டுரையில் வழி சொன்னார்: உறுப்பின் அகலத்தை அதைக் கொண்ட பெட்டியின் அகலத்தால் வகு. 960இல் 300 என்பது 31.25 சதவீதம். தேகாங்குலக் கணக்கேதான். ஆண்ட்ராய்டில் சதவீத நூலகம் 2015இலும், அதன் இடத்தைப் பிடித்த கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட் 2016இலும் வந்தன.

உயரத்துக்கு 100 சதவீதம் கொடுத்தும் பெட்டி நீளவில்லை என்று புதிதாகப் பழகுபவர்கள் திகைப்பதுண்டு. அதைக் கொண்ட தாய்ப்பெட்டிக்கு உயரமே குறிக்கப்பட்டிருக்காது. கருவறை இல்லாமல் சிலைக்கு அளவு கேட்பது போல. மேல் இடைவெளிக்குத் தரும் சதவீதம் தாய்ப்பெட்டியின் அகலத்தைப் பார்ப்பது இன்னொரு விசித்திரம்.

தமிழுக்குப் பங்கு மட்டும் போதாது. ஆங்கிலத்தில் அடங்கும் பொத்தானில் ‘கடவுச்சொல்லை மாற்றுக’ பாதியில் வெட்டுப்படும். சதவீதத்தோடு, சொல்லுக்கேற்ற குறைந்தபட்ச அகலத்தையும் குறித்துவிட வேண்டும்.