பழைய சரக்கு, புது ஆட்டம்

வீடியோ கேம்ல புதுமைன்னாலே புது சிப்பு, புது கிராபிக்ஸ்னு பேசுறவங்ககிட்ட நான் குன்பெய் யோகோய் கதையைத்தான் சொல்வேன். 1965-ல் இவர் நிண்டெண்டோவில் சேர்ந்தப்போ அது சீட்டுக்கட்டு கம்பெனி. இவருக்கு மெஷின் பராமரிக்கிற வேலை. பொழுது போகாமல் செஞ்ச, இழுத்தா நீளுற கை ஒண்ணு முதலாளி யமவுச்சி கண்ணுல பட்டுச்சு. திட்டு விழலை, 1966-ல் பொம்மையா வந்து பத்து லட்சத்துக்கு மேல் வித்துச்சு!

எல்லாரும் அலுத்துப்போன, விலை விழுந்த தொழில்நுட்பத்தை எடு, யாரும் யோசிக்காத வேலைக்குப் போடு. அவர் கொள்கை இவ்ளோதான். கால்குலேட்டர் சமாச்சாரம் 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' ஆனது அப்படித்தான்.

1989-ல் கேம் பாய். கலர் கிடையாது. பச்சை பூத்த திரை, உள்ளே வெளிச்சமும் இல்லை, விளக்குக்கு அடியில உட்காரணும். அதே வருஷம் அடாரி லிங்க்ஸ் கலர்ல ஜொலிச்சுது. ஆனா விலை ரெண்டு மடங்கு, ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்துல முழுங்கிடும். கேம் பாய்க்கு நாலே பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பாக்கெட் மணியில பேட்டரி வாங்குற பையன் எதை எடுப்பான்? கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் வித்துச்சு.

1995-ல் வந்த அவரோட வர்ச்சுவல் பாய் படுத்தே போச்சு (சிவப்பு நிறம் மட்டும், தலைவலி இலவசம் :-) ). 1996-ல் விலகினார், 1997-ல் சாலை விபத்தில் இறந்தார். அவர் கைபட்ட வொண்டர்ஸ்வானை பண்டாய் 1999-ல் வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, ஒரே ஒரு பேட்டரி.