செம்மண் இளகும் பருவம்

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் புறத்தில், ஆதி அருணாசலேசுவரர் கோயிலைக் கொண்ட அடி அண்ணாமலை என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த மானாவாரிக் கொல்லைகளும் அமைந்துள்ள வட்டாரத்தில், வேளாண்மையின் வரலாறு பெருமளவுக்கு மண்ணின் இறுக்கத்தோடு உழவர் போராடிய வரலாறே ஆகும். மண் துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் தங்குவதற்குரிய நுண்துளைகள் மிதிப்பாலோ பாரத்தாலோ மழைத்துளியின் தாக்குதலாலோ அடைபட்டுப் போவதையே மண் இறுக்கம் என்பர். மக்குச்சத்து குறைந்த செம்மண்ணில் வலுத்த மழை பெய்து, மறுநாளே வெயில் காய்ந்தால், கரைந்த நுண்மண் துளைகளில் இறங்கி மேற்பரப்பை ஓடுபோல் இறுக்கிவிடும். விதைத்த முளை அதனை முட்டித் திறக்க மாட்டாமல் உள்ளேயே வளைந்து மடிய, அடுத்து வரும் மழைநீரும் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும்.

இதற்குத் தமிழ் உழவர் கண்ட மருந்து கோடை உழவு. சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கத்தை மங்கலச் சடங்காக மட்டும் காண்பது போதாது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து மண் பதத்துக்கு வரும் நாட்களைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்ளும் கால அறிவும் அதனுள் இருக்கிறது. பதம் என்பது அளவுகருவி வேண்டாத அளவு: ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தினால் உருண்டையாகத் திரள வேண்டும், அவ்வுருண்டையை விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஈரம் மிகுந்திருக்கும்போது உழுதால் கொழு மண்ணை வழித்து இழுப்பதால் காய்ந்தபின் கட்டி கல்லாகிவிடும். ஈரம் போதாவிட்டால் கொழுவே உள்ளிறங்காது. உழுத புழுதியை ஒரு பலம் கால் பலமாகச் சுண்டும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்னும் கருத்துடைய 1037ஆம் குறள், மண்ணைக் காற்றாட விடுவதன் பயனை எருவுக்கும் மேலாக மதிக்கிறது.

கோடை உழவு மேலே புரட்டிப்போடும் அருகம்புல்லின் கிழங்கும் வேரும் வெயிலில் காய்ந்து சாகும். உழவன் களையென்று ஒழிக்கும் இதே அருகுதான் வெப்பநாடுகளின் விளையாட்டுத் திடல்களில் பேணி வளர்க்கப்படும் தலையாய புல் என்பதும், மிதிபட்டு இறுகிய அத்தகைய புல்தரைகளிலிருந்து சிறு மண் உருளைகளை அகழ்ந்தெடுத்துக் காற்றுவழி திறக்கும் பொறியை அமெரிக்காவில் டாம் மஸ்காரோ என்பவர் 1946இல் உருவாக்கினார் என்பதும் இங்கு எண்ணத்தக்கவை.

மண்ணை விசையால் வென்றுவிடலாம் என்னும் நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1860களில் சைதாப்பேட்டையில் அரசு அமைத்த சோதனைப் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலியன வரவழைக்கப்பட்டன. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுவதோடு நின்றுவிடுகிறது என்பது அக்கால அதிகாரிகள் பலருடைய குறை. ஆனால் 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்திய உழவரின் திறமையைப் பாராட்டியதுடன், ஆழ உழுவதால் மண்ணின் ஈரம் வீணாகக்கூடும் என்றும் எச்சரித்தார். அகல உழுவதினும் ஆழ உழு என்னும் பழமொழியும் எல்லா மண்ணுக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்துவதன்று. நாட்டுக் கலப்பையின் வலிமை கொழுவின் நீளத்தில் இல்லை, அதைப் பூட்டும் நாளைத் தேர்ந்ததில் இருந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

பின்னர் மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்தது. ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுவதாலும் வண்டியின் பாரத்தாலும் உழவடிக்குக் கீழே கடினத்தட்டு என்னும் இறுகிய அடுக்கு உருவாகிறது. அதைப் பிளக்க, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பின்பு அதற்குக் குறுக்காகவும் உழுது, எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடும்படி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மலைச்சரிவிலோ ஏர் ஏற வழியில்லை. மேய்ச்சலும் தீயும் மொட்டையாக்கிய அண்ணாமலையில் 1988இல் தொடங்கிய காடு வளர்ப்பு இயக்கத்தார், கடப்பாரையால் குழி தோண்டித்தான் கன்று நட வேண்டியிருந்தது.

மண் இளக்கத்தின் அருமையை மிக நன்றாக உணர்த்தும் பயிர், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் வழங்கும் நிலக்கடலை. புதுச்சேரி வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியான காலத்தில் ஆற்காட்டு மாவட்டங்களில் பரவிய இப்பயிரின் பூ மண்ணுக்கு மேலே மலர்ந்தாலும், காய் மண்ணுக்குள்தான் பிடிக்கும். கருவுற்ற பூவின் அடியிலிருந்து ஊசிபோல் நீளும் விழுது கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து இருட்டுக்குள் சென்றபின்னரே கிடைமட்டமாகத் திரும்பிக் காயாகப் பருக்கும். மேலோடு இறுகியிருந்தால் விழுது வெளியிலேயே காய்ந்துவிடும். அதனால்தான் விழுது இறங்கும் முன்பே களைக்கொத்தால் கொத்தி, ஜிப்சம் இட்டு, செடியின் அடியில் மண் அணைக்கின்றனர். அறுவடையில் மீண்டும் அதே சோதனை: மண் இளகியிருந்தால் செடியைப் பிடித்து இழுத்ததும் காய்கள் கொத்தோடு வந்துவிடும், இறுகியிருந்தால் காம்பு அறுந்து காய்கள் உள்ளேயே தங்கிவிட, பெண்கள் களைக்கொத்தோடு குனிந்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கிளறி எடுக்க வேண்டியிருக்கும்.