மழை வந்தா என்ன பண்ணுவாங்க? - திறந்த காரின் துணிக்கூரையும் கொஞ்சம் வரலாறும்

பழைய சினிமாப் பாட்டுகளில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கூரையே இல்லாத கார். ஹீரோ ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடுவார். பக்கத்தில் ஹீரோயினின் முந்தானை காற்றில் பறக்கும். சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வரும். திடீர்னு மழை வந்தா என்ன பண்ணுவாங்க?

சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் கூரையை இழுத்து மாட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அதற்கு ஹூட் என்று பெயர், அமெரிக்காவில் சாஃப்ட் டாப். காரின் இரும்பு ஐம்பது வருஷம் தாங்கினாலும் இந்தக் கூரை தாங்காது. வெயிலில் வெளுக்கும், மடிப்பில் கிழியும். ஆகவே பழைய திறந்த கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் அந்தக் கேள்வி வரும்: புதுசாக எதைப் போடுவது?

போன மாதம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்தது.

என் சித்தப்பா 1996-ல் வேலைக்காக இங்கிலாந்து போனவர். அங்கே ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். 1972 மாடல் எம்ஜிபி. (எம்ஜி என்றதும் எம்ஜிஆரை நினைக்காதீர்கள். மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். அவர் நடித்த பாட்டு எதற்காவது பொருத்தமாக இருக்கும் என்பது வேறு விஷயம்!) அதன் ஹூட் கிழிந்துவிட்டது. போனில் கூப்பிட்டார்.

"கடையில ரெண்டு வகை சொல்றான்டா. ஒண்ணு கருப்பு வினைல், கம்பெனியில வந்த மாதிரியே. இன்னொண்ணு மோஹேர்னு ஒரு துணி. விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நீதான் பி.காம் படிக்கிறியே, எது லாபம்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

கணக்குப் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வினைல் என்றால் என்ன, மோஹேர் என்றால் என்ன என்று தேடப்போய் இருநூறு வருஷம் பின்னால் போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கார் அல்ல, குதிரை வண்டி. ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டிலேயே மடக்குக் கூரை போட்ட குதிரை வண்டிகள் ஓடின. மர வளைவுகளின் மேல் தோலைப் போர்த்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு லேசான இரண்டு சக்கர வண்டிக்கு கேப்ரியோலே என்று பெயர். அந்தப் பெயரைச் சுருக்கித்தான் 'கேப்' என்றார்கள். இன்று நாம் மொபைலில் புக் பண்ணி வரவழைக்கும் கேப் அந்தக் குதிரை வண்டியின் பேரன்தான்.

தோல் கனமானது, விலையும் அதிகம். துணி லேசு, ஆனால் தண்ணீர் உள்ளே வரும். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் சார்லஸ் மேகிண்டாஷ், ஸ்காட்லாந்துக்காரர். சாயம் தயாரிக்கும் தொழிலுக்காக கிளாஸ்கோ எரிவாயு ஆலையின் கழிவுகளை வாங்கிவந்தார். அவருக்குத் தேவையானதை எடுத்தபின் நாப்தா மிச்சமாகும். அது ரப்பரைக் கரைக்கும் என்று கண்டார். கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி ஒட்டினார். மேலே துணி, நடுவில் ரப்பர், கீழே துணி. 1823-ல் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலேயர்கள் மழைக்கோட்டை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள்.

அதில் ஒரு குறை. கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை போய்விடும் என்று 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் அதே முறைக்குக் காப்புரிமை வாங்கியவர் மேகிண்டாஷின் தொழில் கூட்டாளியான தாமஸ் ஹேன்காக்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் இதுதான். சித்தப்பாவிடம் கடைக்காரர் காட்டிய விலை உயர்ந்த துணி இருக்கிறதே, அதன் அமைப்பு என்ன தெரியுமா? மேலே நெய்த துணி, நடுவில் ரப்பர், கீழே இன்னொரு துணி. அதே 1823 சாண்ட்விச்! மேகிண்டாஷ் இன்று வந்து பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இன்னொரு வேடிக்கை. மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. அதைக் கலந்து நெய்த துணிக்கு வைத்த பெயர் அது. இன்று மோஹேர் என்று விற்கும் ஹூட் துணிகளின் மேல் அடுக்கு பெரும்பாலும் அக்ரிலிக் நூல். ஆடு போய்விட்டது, பெயர் மட்டும் விலைப்பட்டியலில் நிற்கிறது. (மார்க்கெட்டிங் வகுப்பில் பிராண்ட் மதிப்பு என்று சொல்வார்களே, இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?)

சரி, காருக்கு வருவோம். ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலும் திறந்தவைதான். 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடிய கார்கள் 10 சதவீதம்தான். 1927-ல் அது 85 சதவீதம் ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நூலில் சொல்லும் கணக்கு இது. எட்டே வருஷத்தில் உலகம் தலைகீழ். மூடிய கார் மலிவானதும் ஜனங்கள் மழையிலும் குளிரிலும் நனைவதை விட்டுவிட்டார்கள். அதுவரை வேறு வழியில்லாமல் வாங்கிய திறந்த கார், அதன்பின் ஆசைக்காக வாங்கும் பொருளானது.

வினைல் வந்தது இதற்கு நடுவில். 1926-ல் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமோன், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. பதிலாக விறைப்பான பிவிசியை வளையக்கூடியதாக ஆக்கும் வழி கிடைத்தது. அதைத் துணியின் மேல் பூசினால் தண்ணீர் புகாது, துடைத்தால் சுத்தமாகும், எல்லாவற்றுக்கும் மேல் மலிவு. இன்னொரு வசதியும் உண்டு. வினைலின் மூட்டுகளை உருக்கியே ஒட்டிவிடலாம். துணியைத் தைத்துத்தான் ஆகவேண்டும், ஊசி போன ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தும் ஆகவேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலை எதை விரும்பும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எம்ஜிபி அப்படிப்பட்ட கார்தான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் செய்தார்கள். மூடிய வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல். பணக்காரர்களுக்கான கார் அல்ல, சம்பளக்காரர்களும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஆரம்பத்தில் வந்த ஹூட் ஒன்றை, கம்பிச் சட்டத்தோடு மொத்தமாகக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ள வேண்டும். மழை வந்தால் இறங்கி நின்று கூடாரம் அடிப்பதுபோல மாட்டவேண்டும். மாட்டி முடிப்பதற்குள் நனைந்தே விடுவோம். 1970-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி சுலபமாக மடிக்கக்கூடிய புது ஹூட் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். சித்தப்பா காரில் இருப்பது அந்த வகை.

1970-களில் திறந்த கார்களுக்கே கெட்ட நேரம். கார் கவிழ்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவரப் போகிறது என்ற பயம் பரவியது. ஏசியும் வந்துவிட்டது. 1976-ல் கேடிலாக் தன் எல்டொராடோவை 'கடைசி அமெரிக்கத் திறந்த கார்' என்று விளம்பரம் செய்து விற்றது. விலை ஏறும் என்று நம்பிச் சிலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பயந்த சட்டம் வரவே இல்லை. 1982-ல் கிரைஸ்லர் மறுபடி திறந்த கார் விற்றது, 1984-ல் கேடிலாக்கே விற்றது. பூட்டி வைத்தவர்களில் சிலர் ஏமாந்துவிட்டோம் என்று வழக்குப் போட்டார்கள். 'கடைசி' என்ற சொல்லை நம்பி முதலீடு செய்யாதே என்பது பாடம்.

எம்ஜிபிக்கு அப்படி மறுபிறப்பு உடனே வரவில்லை. 1980-ல் அபிங்டன் ஆலையையே மூடிவிட்டார்கள். ஆனால் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன, ஹூட்கள் கிழிந்துகொண்டிருந்தன. ஆகவே உதிரிபாகத் தொழில் தனியாக வளர்ந்தது. 1988-ல் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து எம்ஜிபியின் முழு பாடியையே மறுபடி செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஹூட் தைப்பவர்களுக்கோ தொழிற்சாலையின் சிக்கனக் கணக்கு கிடையாது. வினைலும் தைத்தார்கள், தொழிற்சாலை கொடுக்காத உயர்ந்த துணியிலும் தைத்தார்கள். சித்தப்பாவின் குழப்பம் பிறந்தது அங்கேதான்.

இப்போது கணக்கு.

துணியின் விலை வினைலைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். வினைல் 1 பங்கு, துணி 2 பங்கு, கூலி 1 பங்கு என்றால், மொத்தச் செலவு 2-க்கு 3. அதாவது வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, ஒன்றரை மடங்குதான். துணி ஒன்றரை மடங்கு காலத்துக்கு மேல் உழைத்தால் துணியே லாபம். நல்ல துணி மடிப்பில் வெடிக்காது, குளிரில் சுருங்காது, உள்ளே சத்தமும் குறைவு. எந்த ஹூட்டாக இருந்தாலும் முதலில் போவது பின்பக்கத்து பிளாஸ்டிக் கண்ணாடிதான். மஞ்சளாகும், கீறல் விழும், கடுங்குளிரில் மடித்தால் உடையும். ஜிப் வைத்த கண்ணாடியாக வாங்கினால் அதை மட்டும் தனியாக மாற்றலாம். இன்னொன்று, கம்பிச் சட்டம் வளைந்திருந்தால் எந்த ஹூட்டும் சரியாக உட்காராது. முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வெயில் நாளில் மாட்டவேண்டும், மாட்டியபின் சில நாட்கள் மடிக்காமல் விறைப்பாகவே விடவேண்டும்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, "சித்தப்பா, துணியே போடுங்க. கம்பெனி வினைல் போட்டது அது நல்லதுன்னு இல்ல, மலிவுன்னுதான். ஒரிஜினல்னு நீங்க சொல்றது 1972-ல யாரோ ஒரு அக்கவுண்டன்ட் எடுத்த முடிவு" என்று சொன்னேன். எனக்கே என்னைப் பிடித்துப்போன வாக்கியம் அது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு விஷயம் சொன்னார். பழைய ஹூட்டின் இடது மூலையில் ஒரு ஒட்டு இருக்கிறதாம். ஒரு மழைக்காலத்தில் கிழிந்தபோது சித்தி ஊரிலிருந்து கொண்டுபோன கோணி ஊசியால் கையாலேயே தைத்தது. சித்தி இறந்து நாலு வருஷம் ஆகிறது. "அது ஒழுகும்டா. ஆனா அவ தச்ச இடத்துல மட்டும் ஒழுகாது."

நான் எழுதிய கணக்கில் இதற்குக் கட்டமே இல்லை.

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி தன் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. 1989-ல் வந்த கார் அது. அதற்காகப் பழைய ஹூட்டையும் மறுபடி தயாரித்தார்கள். பின்னால் வந்த மாடலில் அதைவிட நல்ல, நிஜக் கண்ணாடி வைத்த ஹூட் உண்டு, பழைய காரிலும் அது பொருந்தும். இருந்தும் பழையதுபோலவே ஒன்று வேண்டும் என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் படித்தபோது முட்டாள்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அக்கவுண்டன்ட் மலிவுக்காக எடுத்த முடிவுக்குள்ளே யாரோ பதினைந்து வருஷம், இருபது வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள். அதன்பின் அது அக்கவுண்டன்டின் முடிவு அல்ல.

சித்தப்பா வினைலே போட்டுவிட்டார். காரணம் கேட்டேன். "துணி போட்டா மழைச் சத்தம் மாறிடும்டா" என்றார். பழைய ஹூட்டைத் தூக்கிப் போடவில்லை, மடித்துப் பரணில் வைத்திருக்கிறார்.

நஷ்டக் கணக்குதான். ஆனால் தப்பான கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள்?